வெண்பனி வழித்தடங்கள் (4): வால்கூர் முதல் வெஸ்ட் யெல்லோஸ்டோன் வரை

இத்தொடரின் இப்பகுதி செல்லும் பாதை, கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் தொடங்கி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வட எல்லையை ஒட்டிய ரோசோ, அதன் தென்மேற்கே அமைந்த தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஆகிய ஊர்களின் வழியே மேற்கு நோக்கி நீண்டு, மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் முடிகிறது. முதல் மூன்று ஊர்களும் ஸ்னோமொபைல் என்னும் பனி ஊர்தி உருவாகி வளர்ந்த தொழிற்கூடங்களைக் கொண்டவை. நான்காவது, அவ்வூர்தி மலைப்பனியில் எத்தகைய சோதனைக்கு உள்ளாகிறது என்பதைக் காட்டும் இடம். இவ்வூர்களை வரிசையாகக் காணும்போது, ஊர்தியின் பின்பக்க சஸ்பென்ஷன், அதாவது மேடுபள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு, ஒரே திசையில் படிப்படியாகச் செம்மையுற்ற ஒன்றன்று என்பதும், ஒவ்வொரு நிலத்தின் பனியும் கேட்ட கேள்விக்குத் தனித்தனி விடையாகப் பல வடிவங்கள் எழுந்தன என்பதும் தெளிவாகின்றன.

வால்கூர்: உருளும் சக்கரங்கள்

வால்கூரில் பிறந்து வளர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே (1907–1964) இளமையில் பணிபுரிந்த பட்டறை, இன்று அவர் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனியால் சாலைகள் அடைபட்டுக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவருடைய சிறு மகன் இறந்தான்; அதற்கு முன்பே பனியில் செல்லும் வண்டிகளை ஆக்கிப் பார்த்துவந்த அவருக்கு, அத்துயரம் அம்முயற்சியை வாழ்நாள் பணியாக மாற்றியது. பல் சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் இணைந்த அவருடைய உந்து அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. அதன் அடிப்படையில் எழுவர் அமரும் பி7, பன்னிருவர் அமரும் பி12 ஆகிய மூடிய வண்டிகள் உருவாகி, மருத்துவர்களையும் அஞ்சலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்து சென்றன. ஓரிருவர் ஏறிச் செல்லும் இலகுவான ஸ்கீ-டூ 1959இல் வெளிவந்தது.

ஸ்கீ-டூவின் தொடக்ககால வண்டிகளில் இருந்தது போகி எனப்படும் சக்கர சஸ்பென்ஷன். ஸ்னோமொபைலின் பின்பாதியில், டனல் எனப்படும் கவிழ்த்த தொட்டி போன்ற உலோகக் கூட்டுக்குள், டிராக் என்னும் முடிவற்ற ரப்பர்ப் பட்டை சுற்றிவருகிறது; அந்தப் பட்டையின் உட்புறத்தை அழுத்திப் பனியோடு பொருத்திவைக்கும் வேலையே பின் சஸ்பென்ஷனின் முதல் கடமை. போகி அமைப்பில் இக்கடமையைச் சிறு ரப்பர்ச் சக்கரக் கூட்டங்கள் செய்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் தன் ஸ்பிரிங்கின் மீது தனித்தனியே ஏறியிறங்குகிறது. சக்கரங்கள் உருள்வதால் உராய்வு குறைவு; பனி மெலிந்த இடங்களிலும், உறைந்த ஏரிப் பரப்பிலும் அது சூடேறாமல் ஓடும். ஆனால், சக்கரங்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் பட்டையைத் தாங்க எதுவும் இல்லாததால் பனியின் மீதான அழுத்தம் சீராகப் பரவுவதில்லை. சக்கரங்கள் ஏறியிறங்கும் தொலைவும் மிகச் சிறிது. மெதுவாகச் செல்லும் வேலை வண்டிக்கு இது போதுமானதாக இருந்தது. விரைவும் பந்தயமும் வந்தபோது ஒவ்வொரு மேடும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு நேராகவே சென்று சேர்ந்தது.

ரோசோவும் தீஃப் ரிவர் ஃபால்ஸும்: சறுக்கும் ரெயில்கள்

கனடா எல்லைக்கு மிக அருகிலுள்ள ரோசோவில், எட்கர் ஹெட்டீன், ஆலன் ஹெட்டீன், டேவிட் ஜான்சன் ஆகியோர் 1954இல் தொடங்கிய வேளாண் கருவிப் பட்டறையே பின்னர் போலாரிஸ் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே முதல் பனி ஊர்தி 1956இல் உருவானது. இத்தகைய ஊர்தி நெடுந்தொலைவுக்கும் நம்பத்தக்கது என்பதை நிறுவ, எட்கர் ஹெட்டீன் 1960இல் அலாஸ்காவின் பெத்தல் நகரிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை சிறு குழுவோடு பயணம் செய்தார். அதன் பின் போலாரிஸை விட்டு விலகிய அவர், தீஃப் ரிவர் ஃபால்ஸில் தொடங்கிய நிறுவனமே ஆர்க்டிக் கேட் என்னும் பெயரில் புகழ்பெற்றது. இன்று எங்கும் நிலைபெற்றுள்ள ஸ்லைடு ரெயில் அமைப்பை 1960களின் பிற்பகுதியில் பரவலாக்கியதில் இந்நிறுவனத்துக்கு முதன்மையான பங்குண்டு. அடுத்த பத்தாண்டில் மற்ற நிறுவனங்களும் அவ்வழியில் திரும்பின.

ஸ்லைடு ரெயில் அமைப்பில், சக்கரக் கூட்டங்களுக்கு மாறாக, முன்முனை மேல்நோக்கி வளைந்த இரண்டு நீண்ட அலுமினிய ரெயில்கள் டிராக்கின் உட்புறத்தில் அமர்கின்றன. ரெயிலின் அடிப்பகுதியில் ஹைஃபாக்ஸ் எனப்படும் வழுவழுப்பான நெகிழிப் பட்டை பொருத்தப்படுகிறது. டிராக்கிலுள்ள உலோகக் கவ்விகள் அதன் மீது சறுக்கிச் செல்கின்றன. எடை முழு நீளத்திலும் பரவுவதால் டிராக் பனியோடு சீராகப் பொருந்துகிறது. ஆனால், இந்தச் சறுக்கலுக்கு மசகாகவும் குளிர்விப்பாகவும் அமைவது பனியே. வெறும் பனிக்கட்டியின் மீது நெடுந்தொலைவு ஓடினால் ஹைஃபாக்ஸ் சூடேறித் தேய்ந்துபோகும். இதனால்தான் வடபுல ஓட்டுநர்கள், பரப்பைக் கீறிப் பனித்துகளை டிராக்குக்குள் தெறிக்கவிடும் ஸ்கிராச்சர் என்னும் கம்பிகளைப் பூட்டிக்கொள்கின்றனர்.

இரு ரெயில்களும் டனலோடு இரண்டு கைகளால் இணைகின்றன. முன்கையைத் தாங்குவது நடு ஷாக் அப்சார்பர். பின்கையைத் தாங்குவது பின் ஷாக் அப்சார்பரும், பின்கையின் அச்சில் சுற்றப்பட்ட முறுக்கு ஸ்பிரிங்குகளும். ஸ்பிரிங் எடையைத் தாங்க, அதன் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. முன்கை எவ்வளவு கீழே விரியலாம் என்பதற்கு லிமிட்டர் என்னும் வார்ப்பட்டை எல்லை வகுக்கிறது. இவ்வமைப்பை வடிப்பவருக்குச் சாதாரண ஊர்தி வடிவமைப்பாளருக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடும் உண்டு: டிராக்கின் சுற்றளவு மாறாதது என்பதால், ரெயில்கள் எப்படி ஏறியிறங்கினாலும் பட்டை தளர்ந்துவிடவோ இறுகிவிடவோ கூடாது, ஆகவே கைகளின் நீளமும் கோணமும் அந்த மாறாத சுற்றளவுக்கு உட்பட்டே அமைய வேண்டும்.

மினசோட்டாவின் வடமேற்கு நிலம் தட்டையானது. அங்குச் சாலையோரப் பள்ளங்களில் நிறையும் பனியே ஸ்னோமொபைலின் பெருவழி. பண்ணை வீடுகளுக்குத் திரும்பும் ஒவ்வொரு பாதையும் அப்பள்ளத்தை ஒரு மேடாகக் குறுக்கே வெட்டுகிறது. வேகமாக வரும் வண்டி அம்மேட்டில் எழும்பி அப்பால் விழும்போது, சஸ்பென்ஷன் தன் முழு நெடுக்கத்தையும் ஒரே நொடியில் செலவிட்டு அடிதட்டிவிடுகிறது. பழைய அமைப்புகள் பலவற்றில் பின்கை மடங்க மடங்க ஷாக் அப்சார்பரின் நெம்பு விகிதம் குறைந்துகொண்டே போனது. தாங்கும் வலிமை மிகவும் வேண்டிய கடைசிக் கட்டத்திலேயே அது தளர்ந்தது. தொடக்கத்தில் மென்மையாகவும் மடங்கும்தோறும் வன்மையாகவும் அமையும் ஏறுவிகித அமைப்பை, கூடுதல் இணைப்புத் தண்டுகளின் வழியே பெறுவதே பிற்கால வடிவமைப்பாளர்களின் நெடுநாள் முயற்சியாயிற்று. வால்கூரின் ஆர்மோஷன் அமைப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. சிறு நடுக்கங்களில் மென்மை, பெரு வீழ்ச்சியில் உறுதி என்னும் முரண்பட்ட இரு பண்புகளையும் ஓட்டுபவர் ஒரே வண்டியில் உணர்வதற்கு இந்த ஏறுவிகிதமே காரணம்.

தடங்களில்: எடைமாற்றமும் கப்ளிங்கும்

கியூபெக்கில் 30,000 கிலோமீட்டருக்கும், மினசோட்டாவில் 22,000 மைலுக்கும் மேற்பட்ட ஸ்னோமொபைல் தடங்கள் பின்னிக்கிடக்கின்றன. இரவில் க்ரூமர் இயந்திரங்கள் மட்டம் செய்த தடம், பகலில் நூற்றுக்கணக்கான வண்டிகள் முடுக்கியும் பிரேக் பிடித்தும் செல்வதால் அடுத்தடுத்த மேடுகளாக மாறுகிறது. இந்த மேடுகளின் அலைத்தொடரில்தான் சஸ்பென்ஷன்களுக்கு இடையேயான வேறுபாடு மிகத் துல்லியமாக வெளிப்படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள எடைமாற்றம் என்னும் கருத்து தேவை. முடுக்கத்தின்போது பின்கை மடங்கி, முன்கை ரெயிலைக் கீழே ஊன்ற, வண்டியின் எடை முன்புறச் சறுக்குப்பலகைகளான ஸ்கீக்களிலிருந்து டிராக்குக்கு நகர்கிறது. பிரேக் பிடிக்கும்போது இது தலைகீழாகிறது. ஸ்கீயும் டிராக்கும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்றுக்குக் கொடுத்த எடை மற்றொன்றிலிருந்து எடுக்கப்பட்டதே. லிமிட்டர் வாரை இறுக்கினால் ரெயிலின் முன்பகுதி மேலே இழுபட்டு, ஸ்கீக்கள் பனியை ஆழமாகக் கடித்து, வளைவுகளில் வண்டி சொன்னபடி திரும்பும். ஆனால் முடுக்கத்தில் பிடிப்பு குறையும். தளர்த்தினால் பிடிப்பு மிகும். வளைவில் ஸ்கீ மிதந்து, வண்டி நேரே வழுக்கிச் செல்லப் பார்க்கும்.

முன்கையும் பின்கையும் தம் விருப்பப்படி தனித்தனியே இயங்கினால், மேட்டை முதலில் தொடும் முன்கை மடங்கி ரெயில் சாய்ந்த பின், அதே மேடு பின்பகுதியை அடையும்போது இருக்கை ஓட்டுபவரை மேல்நோக்கி எத்தும். இதைத் தடுக்க வந்ததே கப்ளிங், அதாவது ஒரு கை ஓரளவுக்கு மேல் மடங்கினால் மற்றொன்றையும் உடன் மடங்கச் செய்யும் பிணைப்பு. முன்புறக் கப்ளிங், முன்கை மேட்டில் மடங்கும்போதே பின்பகுதியையும் ஏற்றி அந்த எத்தலைத் தணிக்கிறது. பின்புறக் கப்ளிங், முடுக்கத்தில் பின்கை அளவுக்கு மீறி அமிழாமல் தடுத்து, ஸ்கீக்களைத் தரையில் நிறுத்துகிறது. இப்பிணைப்பு விரைந்து பற்றும் வண்டி, மேடுகளின் மீது கிடைமட்டமாக மிதந்து செல்வதுபோல் ஓடும். தாமதமாகப் பற்றும் வண்டி, முடுக்கியவுடன் முன்பக்கம் இலகுவாகித் துள்ளும் இயல்புடையது. பல வண்டிகளில் தடுப்புக் கட்டைகளைத் திருப்பி இந்நேரத்தை மாற்றியமைக்க முடியும் என்பது ஓட்டுபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

டிராக்கின் நீளமும் இதில் பங்கு கொள்கிறது. ஏறத்தாழ 307 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள குறும்பட்டை ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். 348 சென்டிமீட்டர் பட்டை இரு மேடுகளின் முகடுகளைப் பாலம்போட்டுக் கடந்துவிடும். குறும்பட்டை வளைவுகளில் எளிதில் திரும்புவதும், நெடும்பட்டை நேர்வழியில் அமைதியாக ஓடுவதும் இதன் விளைவுகள்.

ஸ்பிரிங்கின் வகையும் கவனத்துக்குரியது. முறுக்கு ஸ்பிரிங்குகள் கனமானவை. எனினும் கேம் என்னும் சுழல்கட்டையைத் திருப்பினாலே பயணியின் எடைக்கேற்ப இறுக்கம் மாறிவிடுவதால் தடவண்டிகளில் அவை நிலைத்துவிட்டன. எடையைக் குறைக்க விரும்பும் மலைவண்டிகள் ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கையோ, அழுத்தமூட்டிய காற்றையோ நாடுகின்றன. காற்று மிக இலகுவானது. ஆனால் 20 பாகை வெப்பமுள்ள கொட்டகையில் நிரப்பிய காற்று, வெளியே உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் தன் அழுத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பதால், அளவை வெளிக்குளிரிலேயே சரிபார்க்க வேண்டும்.

வெஸ்ட் யெல்லோஸ்டோன்: சாயும் ரெயில்கள்

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் அமைந்த வெஸ்ட் யெல்லோஸ்டோன், வால்கூரோடு நேரடித் தொடர்புடையது: யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் குளிர்காலப் பயணிகளை அழைத்துச் செல்ல 1955 முதல் பயன்பட்டவை பொம்பார்டியேயின் மூடிய பனி வண்டிகளே. ஊரைச் சூழ்ந்த மலைகளில் பனி ஆழமானது, மாவுபோல் தளர்வானது. காற்றின் அடர்த்தி குறைவதால் சாதாரண எஞ்சின் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. இங்கே மேடுகளின் அதிர்ச்சி இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டு, அமிழாமல் மிதப்பதும், சரிவில் சாய்ந்து செல்வதுமே முதன்மையாகின்றன. அதனால் மலைவண்டியின் டிராக் 390 முதல் 420 சென்டிமீட்டர் வரை நீள்கிறது. அதன் ரப்பர்ப் பற்கள் தடவண்டியில் உள்ளவற்றைவிட இருமடங்கு உயரம் பெறுகின்றன.

மலைச்சரிவைக் குறுக்காகக் கடக்க, ஓட்டுபவர் நின்றபடி தன் உடலெடையால் வண்டியை மேட்டுப்பக்கம் சாய்த்து, டிராக்கின் ஒரு விளிம்பைப் பனிக்குள் ஊன்றி ஓட்ட வேண்டும். இரட்டை ரெயில் இவ்விடத்தில் தடையாகிறது. தடத்தில் நிலைத்தன்மை தந்த அதன் தட்டையான அகலமே, சாய மறுத்து வண்டியை மட்டத்துக்கு இழுக்கிறது. இச்சிக்கலுக்கு இரு விடைகள் எழுந்தன. வால்கூரின் டிமோஷன் அமைப்பு இரு ரெயில்களையும் தக்கவைத்துக்கொண்டு, அவை டனலுக்கு ஒப்பாகச் சிறிய கோணத்தில் பக்கவாட்டில் சாய இடம் தருகிறது. டிராக்கின் விளிம்புகளும் நெகிழும்படி செய்யப்பட்டன. தீஃப் ரிவர் ஃபால்ஸின் விடை இன்னும் துணிவானது: 2020 மாதிரியாக வந்த ஆல்பா ஒன் அமைப்பு இரட்டை ரெயிலையே கைவிட்டு, டிராக்கின் நடுவில் ஒற்றை ரெயிலை மட்டும் வைத்தது. டிராக் அந்த ஒற்றைத் தண்டின் இருபுறமும் வளைந்து கொடுப்பதால், சிறு உடலசைவிலேயே வண்டி சாய்ந்து சரிவைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதே வண்டி இறுகிய தடத்துக்குத் திரும்பியதும், வளைவுகளில் உருண்டு சாயும் இயல்பைக் காட்டுகிறது. மலையில் விடுதலையாக இருந்தது தடத்தில் உறுதியின்மையாகிறது.

ஒரு சஸ்பென்ஷனைப் பிறிதொன்றோடு ஒப்பிடுவோர், எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், எந்தப் பனியில், எத்தனை வேகத்தில், எவ்வளவு சுமையோடு என்று கேட்டறிதல் வேண்டும். பாரம் இழுக்கும் வேலை வண்டிகளில் ரெயிலின் பின்முனை மேல்நோக்கி மடங்கும்படி அமைந்திருப்பது ஆழ்பனியில் புதையாமல் பின்னோக்கி வருவதற்காகவே. பந்தய ஓட்டுநருக்கு அதனால் பயனில்லை. வாங்குபவர் தம் ஊரின் பனியை அறிந்து வண்டியைத் தேர்ந்து, லிமிட்டர் வாரையும் கப்ளிங்கையும் தம் உடலெடைக்கேற்பத் திருத்திக்கொள்வாராயின், நடுத்தர விலை வண்டியும் திருத்தப்படாத உயர்விலை வண்டியை விஞ்சி ஓடும். தொடரின் அடுத்த பகுதி, ஸ்னோமொபைல் விளையாட்டாக அன்றி அன்றாடப் போக்குவரத்தாகவே விளங்கும் அலாஸ்காவின் மேற்குக் கரையோரச் சிற்றூர்களுக்குச் சென்று, அங்குள்ளோர் பாரம் சுமக்கும் வண்டிகளை ஆராயும்.