எலியும் சித்தக் குலைவும்

தமிழ் பயில்வார்க்கு எலியின் மூளையோடு யாது தொடர்பு என நண்பர் சிலர் எம்மை வினவுவர். எம் சிறிய தந்தையார் மனச்சிதைவு நோயுற்றவர். பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் அவர்க்குக் கேட்கும். அவர் உட்கொள்ளும் மாத்திரையின் வரலாற்றைத் தேடப்புகுந்த யாம் எலிக்கூண்டின் முன் வந்து நின்றோம்.

ஆம்பிட்டமைன் என்னும் மருந்தை மிகுதியாக உட்கொண்ட மாந்தர், ஐயமும் அச்சமும் மீதூரப் பிதற்றுதலை இலண்டன் மருத்துவர் கானெல் 1958-இல் நூலாக வெளியிட்டார். அம்மருந்தை எலிக்கு ஏற்றின், மூளையில் டோபமைன் என்னும் பொருள் பெருகும். எலி ஓயாது ஓடும். அளவு மிகின், ஓரிடத்தே நின்று மோந்ததையே மோந்துகொண்டிருக்கும். 1952-இல் பாரிசு நகரில் மனநோயாளர்க்கு அளிக்கப்பெற்றுப் புகழெய்திய குளோர்புரோமசீன் இவ்வாட்டத்தை அடக்க வல்லது. அது டோபமைன் ஏற்பிகளைத் தடுத்தலாலே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஈண்டு எமக்கோர் ஐயம். டோபமைனைப் பெருக்கி நோயின் சாயலை உண்டாக்கி, அச்சாயலை நீக்கும் மருந்தைத் தேடின், டோபமைனைத் தடுக்கும் மருந்தே மீண்டும் மீண்டும் கிட்டுமன்றோ? எம் சிறிய தந்தையார்க்குக் குரல்கள் தணிந்தன. எவரொடும் பேச விரும்பாத அம்மௌனம் தணிந்திலது.

பென்சைக்ளிடின், கெட்டமின் என்னும் மயக்க மருந்துகள் பிறிதொரு வழி காட்டின. குளுட்டமேட்டு என்னும் பொருளுக்குரிய ஏற்பிகளுள் ஒருவகையை அடைக்கும் இவை, மாந்தரிடத்துப் பிரமையோடு அம்மௌனத்தையும் விளைப்பன. பென்சைக்ளிடின் ஏற்றிய எலியின் முன்மூளையில் குளுட்டமேட்டு பெருகுதலும், புதிய மருந்தொன்று அதனைத் தணித்து எலியைத் தேற்றுதலும் 1998-இல் வெளியாயின. அவ்வினத்து மருந்தொன்று நோயாளர்க்கும் பயன்பட்டதென 2007-இல் செய்தி வந்தபோது பலரும் மகிழ்ந்தனர். பின்வந்த சோதனைகளில் அது பொய்த்தமையால் 2012-இல் கைவிடப்பட்டது. எலி தேறியது; மனிதன் தேறவில்லை.

எலியைக் குறைகூறல் முறையன்று. ஓடுதலும் மோத்தலும் அதனால் இயன்றவை, அவற்றைக் காட்டிற்று. இந்நோயின் பெருங்குறிகளோ சொல்லில் உள்ளன: எவரும் சொல்லாத சொல்லைக் கேட்டல், சொல்லும் பொருளும் இயைபற்றுப் போதல். மொழியில்லா உயிரிடத்து இவற்றைக் காண்பது எங்ஙனம்? மருந்து நூலார் இதனை அறியாதவரல்லர். வேறு வழியின்மையின் எலியை நாடுகின்றனர்.

டோபமைன் ஏற்பியைத் தடுக்காத சானோமெலின், டிராஸ்பியம் என்பதனோடு சேர்ந்து, 2024-இல் அமெரிக்க அரசின் இசைவு பெற்றது. மறதிநோயுற்ற முதியோர்க்குக் கொடுத்தபோது அவர்தம் பிரமைகள் அதனாற் குறைந்தமை 1997-இலேயே வெளியாகியிருந்தது.