வழிந்த பசை

கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், பரணிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தபோது உள்ளங்கையில் அடங்கும் சிவப்புப் பொம்மைக் கார் ஒன்று கிடைத்தது. லண்டனில் தயாரான 'மேட்ச்பாக்ஸ்' கார் அது. 1953-ஆம் ஆண்டு முதல் தீப்பெட்டி போன்ற சிறு பெட்டிகளில் இட்டு விற்கப்பட்டதால் அந்தப் பெயர். துத்தநாகக் கலவையில் வார்த்து, எனாமல் வண்ணம் பூசியது.

"தாத்தா, இதன்மேல் ஏன் இவ்வளவு அழுக்கு?" என்றான் பேரன்.

அது அழுக்கன்று; பழைய பசை. 1981-இல் காலாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் 38 மதிப்பெண் பெற்று வந்த மகனின் கையிலிருந்து அந்தக் காரைப் பிடுங்கி முற்றத்தில் வீசியெறிந்தவர் அவரே. கதவு ஒன்று கழன்று விழுந்தது. பையன் அழவில்லை. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் சிறிது பசை கேட்டு வாங்கி, தானே கதவை ஒட்டினான். பசை வழிந்து கூரையிலும் பக்கங்களிலும் படிந்தது. அதன்பின் அவன் அந்தக் காரைத் தொடவே இல்லை. நன்றாகப் படித்தான், வெளியூரில் நல்ல பணியிலும் அமர்ந்தான். ஆனால் தந்தையிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

பேரனை அழைத்துச் செல்ல மகன் வருவதற்குப் பத்து நாள்கள் இருந்தன. பெரியவர் பிளேடை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். மனைவியார் தடுத்தார். "அன்று காட்டிய அவசரம் போதாதா?" என்றார்.

பிளேடு வண்ணத்தையும் சேர்த்தே சுரண்டியிருக்கும். அடுத்து, நகப்பூச்சை அகற்றும் திரவத்தில் ஒரு சொட்டை, சக்கரத்தின் மேல்வளைவில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பஞ்சில் சிவப்பு ஏறியது. உடனே நிறுத்திவிட்டார். கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர், உறுப்புகளைக் கழுவத் தாம் பயன்படுத்தும் வெள்ளைப் பெட்ரோலைச் சிறிது கொடுத்தார். அதையும் முதலில் அதே மறைவிடத்தில் சோதித்தார். பஞ்சு வெண்மையாகவே இருந்தது.

பூஜை விளக்கு குளிர்ந்த பிறகே, திண்ணையில் காற்றோட்டமாக அமர்ந்து வேலையைத் தொடங்குவார். நனைத்த பஞ்சைப் பசையின்மேல் சில நிமிடங்கள் வைத்திருப்பார். பசை இளகியதும் விரல் நுனியால் மெல்லத் தேய்ப்பார். அது சுருண்டு சிறு சிறு உருண்டைகளாக வரும். மூலைகளுக்கு மூங்கில் பல்குச்சி. வராத இடத்தை வற்புறுத்தாமல் மறுநாளைக்கு விட்டுவிடுவார். கதவு ஒட்டிய இணைப்பின் பக்கம் மட்டும் பஞ்சு போகவே இல்லை. ஒட்டியது நிலைக்க வேண்டும். வழிந்தது போக வேண்டும்.

திருக்கோயில் திருப்பணிகளைக் கண்டவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதன்று. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்ப்பது அஷ்டபந்தன மருந்து. கும்பாபிஷேகத்தின்போது புதிய மருந்து சாத்துவதற்கு முன், பழையதைத் திருமேனிக்கு ஊறு நேராமல் அகற்ற வேண்டும். அங்கே அவசரத்துக்கு இடமில்லை.

எட்டாம் நாள் கார் பளபளத்தது. அன்று விழுந்த வேகத்தில் வண்ணம் உதிர்ந்த ஓரிடத்தில் மட்டும் வெறும் உலோகம் தெரிந்தது. அதன்மேல் புது வண்ணம் பூசி மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மகன் வந்தான். காரை அவன் கையில் வைத்து, "அன்று நான் இதை வீசியிருக்கக் கூடாது. தவறு என்னுடையது" என்றார்.

மகன் நெடுநேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவை விரலால் தடவினான்.

"பசையை எல்லாம் எடுத்திருக்கிறீர்கள். கதவு விழவில்லையே, அப்பா?"

"அது நீ ஒட்டியது. அதை நான் தொடவில்லை."

பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவிக்கப் பெரியவர்கள் பலர் தயங்குவதுண்டு. காலம் கடந்துவிட்டது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வதும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காய்ந்து கிடந்த பசை எட்டு நாள்களில் இளகியது.

அன்றிரவே ரயில் ஏற வேண்டிய மகன், பயணத்தை இரண்டு நாள் தள்ளி வைத்தான்.