பழைய ஜீப்புக்கு எந்த இன்ஜின்?

வன்னியம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகும் மண்பாதைக்கு இன்றும் பழைய ஜீப்புதான் சரி. பாடி துருப்பிடித்தால் வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம். இன்ஜின் புகை கக்கத் தொடங்கினால்தான் தலைவலி.

மஹிந்திரா எம்.எம். 540-ல் வந்தது 2112 சிசி பெஜோ டீசல். சத்தம் குறைவு. ஆனால் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்யணும். பொலிரோவில் வந்த 2523 சிசி டிஐ இன்ஜினோ டீசலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும். வெப்பம் வீணாவது குறைவு, அதனால் மைலேஜ் கூடும். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கும் (தடதடப்பைப் பொறுத்துக்கணும்!). மேட்டில் முதல் கியரில் ஏறும் வண்டிக்குக் குதிரைத்திறனைவிட அந்த இழுவைதான் முக்கியம்.

அப்போ டிஐ-யை மாட்டிவிடலாமே என்றால், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. இன்ஜின் விலையோடு செலவு முடியாது. மவுண்டிங், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் இணைப்பு எல்லாம் மாறும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறி.

ஆகவே பிளாக் விரிசல் விடாதவரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கைக் கிரைண்டிங் கொடுப்பதே புத்திசாலித்தனம். பிளாக்கே போய்விட்டால் அதே ரக இன்ஜினைத் தேடி, ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் கேட்டுவிட்டு, பில்லோடு வாங்கணும். பில் இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.