குழியானையும் குளவியும்

மலையகத்துப் பிள்ளைகள் உயிரியலைப் பாடநூலிலிருந்து தொடங்குவதில்லை. லயத்து இறவாரத்தின் கீழிருந்தே தொடங்குகின்றனர். மழை நனைக்காத புழுதியிலே புனல்போற் குழிபறித்துப் பதுங்கியிருக்கும் குழியானையை ஈர்க்கினாற் கிளறுவதும், அக்குழியில் ஓர் எறும்பை விட்டுப் புழுதி சரிவதைப் பார்த்திருப்பதும் அவர்களுக்கு விளையாட்டு. அக்குழியானையே பின்னர் தும்பியை ஒத்த சிறகுகளுடன் பறக்கும் என்று எவரேனும் கூறினால் அவர்கள் நம்புவதில்லை. மீண்டும் குனிந்து பார்க்கின்றனர். கல்வி அந்த இரண்டாம் பார்வையிலேதான் பிறக்கின்றது.

லயத்தை அடுத்த மரக்கறித் தோட்டம் அவர்களது அடுத்த வகுப்பறை. கோவா இலையைத் துளைக்கும் புழுக்களைப் பொறுக்குமாறு தாய் பணிக்கின்றாள். புழுவைத் தேடும் கண்ணுக்குப் பொறிவண்டும் தென்படுகின்றது. அது இலையைத் தின்பதில்லை. இலையின் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன்களையே தின்கின்றது. பூச்சிகள் யாவும் பகையல்ல என்பது அப்போது விளங்குகின்றது.

இவ்வுண்மையை மறந்தமைக்குத் தேயிலைத் தோட்டங்கள் பெருவிலை கொடுத்ததுண்டு. தேயிலையை நூலிழையால் ஒட்டிச் சுருட்டி, உள்ளிருந்து தின்னும் புழுவை அடக்குவதற்காக, 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டது. புழுவின் உடலுள் அது முட்டையிடும். வெளிவரும் குடம்பிகள் புழுவையே உண்டு வளரும். இவ்வாறு தொல்லை தணிந்தது. ஆயின் 1950களின் பிற்பகுதியில், தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. வண்டைக் குறித்துத் தெளித்த நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது.

இத்தகைய நஞ்சை மக்கள் ‘மருந்து’ என்றே வழங்குகின்றனர். அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, பூச்சி என்பதே ஒரு நோய் என எண்ணிவிடக்கூடும். மருந்தடித்த பாத்தியில் குழந்தையை விளையாட விடவும் இயலாது. அதனால் இழக்கப்படுவது விளையாட்டு மட்டுமன்று. பார்த்து அறியும் வாய்ப்புமாகும்.

தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்கையில் சிறுவர் தங்கியிருக்கும் பிள்ளைக் காம்பராவின் அருகே, மருந்துபடாத பாத்தியொன்று அமைப்பது அரிதன்று. நான்கு கோவாக் கன்றும் சிறிது கடுகும் அதற்குப் போதும். பூச்சியைக் கண்டவுடன் நசுக்காமல், அது எதைத் தின்கின்றது என்று முதலிற் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.