பாடகரின் மூச்சும் ஊதுபவரின் உதடும்

ஜாஸ் வரலாற்றில் மூச்சுக்கலை பெரும்பாலும் ஒருவழிக் கடனாகவே பேசப்படுகிறது. 1940 முதல் 1942 வரை டாமி டார்சியின் குழுவில் பாடிய ஃபிராங்க் சினாட்ரா, டார்சி ட்ராம்போன் வாசிக்கும்போது பின்னாலிருந்து அவருடைய முதுகையே கவனித்ததாகவும், மூச்சு வாங்குவது புலப்படாமல் நீண்ட இசைத்தொடரை வாசிக்கும் நுட்பத்தை அவ்வாறே அறிந்ததாகவும் பிற்காலத்தில் கூறினார். இங்கு ஊதுபவர் ஆசிரியர், பாடகர் மாணவர். ஆயினும் கடன் திரும்பியும் வந்தது. இசைத்தொடரை அமைக்கும் முறையைச் சினாட்ராவைக் கேட்டுக் கற்றதாக ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1989இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

அவ்வாறு கற்பதற்கு என்ன இருக்கிறது? முதலாவது, மூச்சின் இடம். பாடகரிடம் சொல் இருக்கிறது. சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் பொருள் முறியும். ஊதுபவரிடம் சொல் இல்லை. எனவே அவர் காற்று தீர்ந்த இடத்திலோ, தாள அளவைப் பிரிக்கும் கோட்டருகிலோ மூச்சு வாங்கிவிடுகிறார். ஷர்லி ஹார்னின் மிக மெதுவான பாடல்களில் இரு சொற்களுக்கு இடைப்பட்ட மௌனமும் வாக்கியத்தின் பகுதியாகவே ஒலிக்கிறது. மூச்சு அங்கே குறுக்கீடு அன்று, நிறுத்தற்குறி.

இரண்டாவது, மூச்சின் திருப்பம். ட்ரம்பெட் மாணவர் பலர் காற்றை நிறைய இழுத்து, ஒரு கணம் தொண்டையை இறுக்கிப் பூட்டி, பிறகே முதல் ஸ்வரத்தைத் தொடங்குகின்றனர். அக்கணத்தில் கழுத்தும் தோளும் விறைக்கின்றன. தேர்ந்த பாடகரிடம் உள்மூச்சு நில்லாமலே வெளிமூச்சாகத் திரும்புகிறது. மூச்செடுக்கும் வேகமே பாட்டின் காலப்பிரமாணத்தில் அமைகிறது.

மூன்றாவது, அளவு. பாடகர் வரும் தொடருக்கு வேண்டிய காற்றையே எடுக்கிறார். எப்போதும் நிரம்பி வழிய எடுப்பதில்லை.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ட்ரம்பெட்டின் உச்ச ஸ்வரங்களுக்குச் சாதாரணப் பாடலைவிடப் பல மடங்கு காற்றழுத்தம் வேண்டும்; ட்யூபாவுக்கோ மிகுந்த காற்றோட்டம் வேண்டும். பாடகரின் மூச்சை அப்படியே நகலெடுக்க இயலாது. ஆனால் காற்று செய்ய வேண்டிய வேலையைக் காற்று செய்யாதபோது அச்சுமை உதட்டின்மீது விழுகிறது. ஊதுவாயை உதட்டில் அழுத்தி ஸ்வரத்தை எட்டும் பழக்கம் அப்படித்தான் பிறக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் உதட்டுக் காயங்களால் பலமுறை அவதியுற்றார். உதட்டைச் சூழ்ந்த தசை கிழியும் பாதிப்பு, 'சாட்ச்மோ' என்ற அவருடைய செல்லப்பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபனியில் ட்யூபா வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ், தம் போதனையைப் பாட்டு, காற்று என்னும் இரு சொற்களில் அடக்கினார். தசைகளுக்குக் கட்டளையிடாதே, மனத்தில் பாடு, காற்று பின்தொடரும் என்பது அதன் சாரம். நுரையீரல் கொள்ளளவு குறைந்த நிலையிலும் அவர் வாசித்தவர் என்பதால் அக்கூற்று வெறும் கோட்பாடு அன்று.

பயிற்சி முறை எளியது. வாசிக்கவேண்டிய பகுதியை முதலில் பாடவேண்டும். இயல்பாக மூச்சு வந்த இடங்களைக் குறித்து, அவ்விடங்களில் மட்டுமே மூச்செடுத்து வாசிக்கவேண்டும். ஒரு தொடர் பாடும்போது எட்டி, வாசிக்கும்போது எட்டாவிடில், நுரையீரலைக் குறைகூறுமுன் உதடும் தொண்டையும் எங்கே இறுகுகின்றன என்று பார்ப்பது நலம்.