வேம்பு வெளுத்த கதை

பழுதில்லாத பொருளைப் பிரித்துப் பார்ப்பவனைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் இருப்பதில்லை. ஓடாத மணிக்கூட்டைத் திறப்பது முயற்சி; ஓடுகின்ற மணிக்கூட்டைத் திறப்பது வினையை விலைக்கு வாங்குவது. இந்த நியாயத்தை நன்கறிந்திருந்தும், சென்ற மார்கழி விடுமுறையில், எவ்விதக் குறையுமின்றி வேலை செய்துகொண்டிருந்த ஒரு கமராவை நாம் பிரித்தோம்.

அது விலை உயர்ந்த கமராவன்று. 2009ஆம் ஆண்டில் எமது இளைய சகோதரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் கமரா. கைத்தொலைபேசிகள் படம் பிடிக்கத் தொடங்கிய பின்னர் அது அலுமாரிக்குள்ளே பூச்சியுருண்டைகளுடன் துயில்கொள்ளலாயிற்று. ஆயினும் எமது இல்லத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஓய்வுபெற்ற தபாலதிபரான எமது தந்தையார் 2014இல் காலமானார். அவ்வாண்டுத் தைப்பொங்கலன்று, முற்றத்து வேம்பின் கீழே சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்த அவரை அந்தக் கமராவினாலேயே படம் பிடித்தோம். அதுவே அவரது கடைசிப் படமாயிற்று; மாலையுடன் இன்றும் விறாந்தையில் தொங்குகிறது.

ஆகவே, எமது எண்ணத்தை வெளியிட்டதும் வீட்டில் எதிர்ப்பு இரு முனைகளிலிருந்து எழுந்தது. "சுவர் மணிக்கூட்டுக்கு நடந்ததுதான் உதுக்கும் நடக்கப்போகுது" என்று இல்லாள் தீர்க்கதரிசனம் உரைத்தார். அன்னையார் அவ்வாறு பேசவில்லை. "தம்பி, அது அப்பாவைப் படமெடுத்த கமரா. பிரிச்சால் திரும்பப் பூட்டத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றோம். அது முழு உண்மையன்று.

ஏன் இந்த விபரீத ஆசை என்று வாசகர்கள் கேட்கலாம். மனிதக் கண் காணக்கூடிய ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரை அலைநீளமுடையது. சிவப்புக்கு அப்பாலும் ஒளி உண்டென்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலறிஞர் கண்டறிந்தார். அரியத்தினூடாகச் சூரிய ஒளியைப் பிரித்து, வெறுமையாய்த் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அங்கே வெப்பம் ஏறக் கண்டார். அதுவே செந்நிறக் கீழ்க் கதிர். அகச்சிவப்பு என்றுஞ் சொல்வர். கமராவினுள் இருக்கும் சிலிக்கன் உணரிக்கோ ஏறக்குறைய 1100 நனோமீற்றர் வரை பார்வை உண்டு. எமக்குப் புலப்படாததை அது காணும். ஆனால் அவ்வாறு காணவிட்டால் படங்களில் நிறம் திரிந்து செம்மை ஏறும், உருவமும் தெளிவிழக்கும். எனவே, கமரா செய்பவர்கள் உணரியின் முன்னே ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தி அக்கதிர்களைத் தடுத்துவிடுகின்றனர். குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது போன்றதொரு காரியம். அந்தக் கண்பட்டையை அவிழ்த்துவிட்டால் கமரா எதைக் காணும் என்பதே எமது ஆசை.

1910ஆம் ஆண்டிலேயே றொபேட் வூட் என்ற அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் அக்கதிர்களினாற் பிடித்த படங்களை வெளியிட்டார். அவற்றில் வானம் கறுத்தும் மரங்கள் பனி மூடியன போல் வெளுத்தும் தோன்றின. இலையிலுள்ள பச்சையம் இக்கதிர்களை உறிஞ்சுவதில்லை. இலையின் உள்ளமைப்பு அவற்றைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. வூட் விளைவு என்று இதற்குப் பெயர். ஆங்கிலத்தில் வூட் என்றால் மரம் என்றும் பொருள்படுவதால் மரத்தைக் குறித்த பெயர் என்று பலர் எண்ணுவர்; உண்மையில் மனிதரைக் குறித்த பெயரே.

பிரிக்கும் நாளும் வந்தது. பற்றறியைக் கழற்றிவிட்டால் அபாயம் நீங்கிவிட்டதென்று நினைத்தல் தவறு. மின்னொளிக்காகக் கமராவினுள் இருக்கும் கொள்ளளவியில் ஏறக்குறைய 300 உவோல்ற்று அழுத்தத்தில் மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும். ஊரிலே வானொலி திருத்தும் அன்பரொருவர் உடனிருந்து, காப்பிட்ட கம்பிகளுடன் கூடிய தடையியொன்றினால் அதனை வெறுமையாக்கித் தந்த பின்னரே நாம் உள்ளே விரல் வைத்தோம். மணிக்கூடு திருத்துபவரிடம் இரவல் பெற்ற திருப்புளியால் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். எள்ளுப் போன்ற ஆணிகள். நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. இடம் மாறினால் உள்ளிருக்கும் பலகையைத் துளைத்துவிடும். இவற்றை எதில் வைப்பது என்று நாம் திகைத்திருக்கையில், அன்னையார் பேசாமல் தமது பல்லாங்குழிப் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினான்கு குழிகள், வரிசை தவறாது ஆணிகளை இட்டோம். அதையே அனுமதியென்றுங் கொண்டோம்.

மின்விசிறியை நிறுத்தி, தூசிக்கு அஞ்சி மூச்சையும் அடக்கி, கடதாசி போன்ற மெல்லிய நாடாக் கம்பிகளை நகத்தால் நெம்பி விடுவித்தோம். திரை அகன்றது, மின்பலகை அகன்றது, உணரியைத் தாங்கிய தகடும் மூன்று ஆணிகளுடன் வெளிவந்தது. அதற்கு முன்னே றப்பர்ச் சட்டத்தினுள் சிறுவிரல் நகமளவில் ஒரு கண்ணாடித்துண்டு. நேரே பார்த்தால் வெளிறிய நீலம். சாய்த்துப் பார்த்தால் செம்மை மின்னிற்று. இத்தனை ஆண்டுகளாக எமது படங்கள் யாவும் இந்த நகத்துண்டின் வழியாகவே வந்தன. தந்தையாரின் முகமும் அதனூடாகவே வந்தது.

அதனை எடுத்துவிட்டு இடத்தை வெறுமையாக விடுதல் கூடாது. கண்ணாடி ஒளியின் பாதையைச் சிறிது மாற்றுவதால், அது இல்லாதபோது வில்லை குவிக்கும் தூரமும் மாறித் தொலைவிலுள்ளவை தெளியாது போகலாம். ஆகவே, ஆசிரிய நண்பரொருவர் தந்த நுணுக்குக்காட்டித் தகட்டிலிருந்து அளவாக வெட்டிய வெறுங் கண்ணாடியை அங்கே வைத்து, வந்த வழியே திரும்பிச் சென்றோம். குழிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. ஆணி எதுவும் மிஞ்சவில்லை. பற்றறியை இட்டு விசையை அழுத்தினோம்.

கமரா விழிக்கவில்லை.

மீண்டும் அழுத்தினோம். அசைவில்லை. அன்னையார் கதவோரம் நின்றார், ஒன்றுங் கேட்கவில்லை. இல்லாளும் மணிக்கூட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனத்தைக் காட்டிலும் ஏச்சு எவ்வளவோ மேல். இரவு பதினொரு மணிக்கு அனைத்தையும் மறுபடி கழற்றினோம். ஒரு நாடாக் கம்பி தன் பொருத்தினுள் அரைவாசிதான் நுழைந்திருந்தது. அதனைச் சரியாக இருத்திப் பூட்டியதும் திரை ஒளிர்ந்தது. "சரி, போய்ப் படு தம்பி" என்று கூறி அன்னையார் உள்ளே சென்றார்.

இனிக் காணும் ஒளியைத் தடுத்துக் காணா ஒளியை மட்டும் விடவேண்டும். அதற்கு உதவியவரும் தந்தையாரே. 1995 ஐப்பசியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவர் தமது பிலிம் சுருள்களை ஒரு தகரப்பெட்டியிலிட்டுச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு நடந்தவர். கழுவிய கலர் பிலிமின் ஒளிபட்ட நுனி கண்ணுக்குக் கன்னங்கறுப்பு. ஆனால் அக்கறுப்பு வெறுஞ் சாயமே. செந்நிறக் கீழ்க் கதிர் அதனூடாகக் கண்ணாடியிற் போலக் கடந்துவிடும். அத்தகைய இரு துண்டுகளை வில்லையின் முன்னே பொருத்திக் கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினோம்.

தைப்பொங்கலன்று குடும்பம் முற்றத்திற் கூடியது. அன்னையாரை நடுவே இருத்தி, அரக்குச் சேலையில் இல்லாளும் சிவப்புப் பட்டில் தங்கையும் இருபுறமும் நிற்க, நல்ல வெயிலிற் படம் எடுத்துப் பெருமையுடன் அன்னையாரிடம் காட்டினோம். அவருடைய முகச்சுருக்கங்கள் குறைந்திருந்தன. அக்கதிர் தோலினுள் சிறிது ஊடுருவுவதால் நேர்வது அது. அதை அவர் கவனிக்கவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பிள்ளையளின்ரை பொட்டு எங்கை, தம்பி?"

அப்போதுதான் நாமும் கண்டோம். பிலிம் நுனியின் சாயத்தைப் போலவே சேலைகளின் சாயமும் அக்கதிருக்கு இல்லாத பொருளாகிவிட்டது. குங்குமமும் தோலோடு தோலாய் வெளுத்து மறைந்துவிட்டது. வெள்ளைச் சேலையுடன், வெறும் நெற்றியுடன், மூன்று பெண்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக அக்கோலத்தில் வாழும் ஒருத்தியின் கையில், மகளையும் மருமகளையும் அதே கோலத்திற் காட்டும் படத்தைக் கொடுத்துவிட்டோம்.

சாயத்தைப் பற்றியும் கதிரைப் பற்றியும் ஏதோ விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்லுறது சரியாய்த்தான் இருக்கும். ஆனால் உந்தப் படம் இந்த வீட்டிலை வேண்டாம்" என்றார். மறுவார்த்தை பேசாது அழித்தோம். கமரா பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்த நீலக் கண்ணாடியை முதலில் வைத்தவர்கள் ஏன் வைத்தார்கள் என்பது, நிறமாலையைப் பற்றிப் படித்தபோது விளங்காத அளவுக்கு அன்று எமக்கு விளங்கிற்று.

கமராவை மீண்டும் பூச்சியுருண்டைகளிடம் ஒப்படைக்க நினைத்திருந்தோம். இரண்டு நாட்களின் பின் அன்னையாரே அழைத்தார். "மரங்களுக்குத்தானே அது நல்லதெண்டு சொன்னாய்? உந்த வேம்பை ஒருக்கால் எடுத்துப் பார்."

அவ்வேம்பு தந்தையார் நட்டது. இடம்பெயர்ந்து மறுவருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வேம்பு நின்றது. உச்சி வெயிலில், அவர் கதிரையிட்டு அமரும் இடத்தையும் உட்படுத்திப் படம் எடுத்தோம். கறுத்த வானத்தின் கீழே, அடியிலிருந்து நுனிக்கொழுந்து வரை இலையெல்லாம் வெண்மையாய்ப் பொலிந்து நின்றது மரம்.

அன்னையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "மல்லிகைப் பந்தல் மாதிரி எல்லோ இருக்குது" என்றார். பின்னர், "இதை அப்பாவுக்குப் பக்கத்திலை கொழுவிவிடு" என்றார்.

கொழுவிவிட்டோம். அந்த நீலக் கண்ணாடி இப்போது பஞ்சு சுற்றிய தீப்பெட்டியொன்றில், பல்லாங்குழிப் பலகையுடன் அன்னையாரின் பெட்டகத்திலே இருக்கிறது. கேட்டால் தருவார். இன்னும் கேட்கவில்லை.