கேமராவுக்குள் இருந்த ஆயா

(ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

இப்போ எல்லார் வீட்டிலும் போன்தான் கேமரா. எங்கள் வீட்டில் ஒரு குட்டி டிஜிட்டல் கேமராவும் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஆன் பண்ணினால் மூக்கு மாதிரி லென்ஸ் வெளியே நீளும்.

1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இன்ஜினியர் செய்த முதல் டிஜிட்டல் கேமரா மூன்றரை கிலோவுக்கு மேல் இருந்ததாம். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிவாக 23 விநாடி. அடுத்த படம் எடுப்பதற்குள் என் தம்பி ஓடியே போயிருப்பான்!

மாமல்லபுரம் காற்று கேமராவுக்கு ஆகாது. உங்கள் சைக்கிள் செயினைப் பார்த்தாலே தெரியும், அவ்வளவு உப்பு. பேட்டரி தொடுகிற தகட்டில் பச்சையாகப் பூத்துவிடும். அப்பா என் பென்சில் ரப்பரை வாங்கித்தான் தேய்ப்பார். அதைவிட மோசம் மணல். லென்ஸ் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால், நடுவில் நாலு மணல் போனாலே சிக்கிக்கொள்ளும். வாயால் ஊதவும் கூடாது, ஈரம் உள்ளே போகும்.

போன வருஷம் எங்க ஆயா இறந்துட்டாங்க. சுவரில் மாட்ட நல்ல படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பது ஆயா மாதிரியே இல்லை. கடற்கரைக் கோயில் பக்கம் எடுத்தது அந்தக் கேமராவில் இருக்கும் என்று அம்மா சொன்னாங்க. சார்ஜ் போட்டு ஆன் பண்ணினோம். லென்ஸ் பாதி வந்து 'கர்ர்' என்று நின்றது. தானாகவே அணைந்துவிட்டது.

அப்பாவும் நானும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். "இதுக்கு இப்போ பார்ட்ஸ் வர்றதில்லைம்மா" என்றார் கடைக்கார அண்ணன். மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டார். அத்தை கல்யாணம், என் காதுகுத்து எல்லாம் இருந்தது. ஆயா இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை.

"கார்டு போடாம எடுத்திருந்தா கேமராவோட சொந்த மெமரியில இருக்கும். ஆனா அதுக்கு இது ஆன் ஆகணுமே" என்றார் அண்ணன்.

படம் பார்க்கிற முக்கோண பட்டன் ஒன்று பின்னால் உண்டு. "படம் பார்க்க லென்ஸ் எதுக்குண்ணா? அதை அழுத்திப் பாருங்களேன்" என்றேன். கார்டு இல்லாமலே அழுத்தினார். லென்ஸ் அசையவில்லை. திரை மட்டும் எரிந்தது! மொத்தம் பதினொரு படம். ஏழாவதில் ஆயா, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானை பறக்கச் சிரிக்கிறாங்க. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கார்டை மறுபடி போட்டு, மெனுவில் போய் எல்லாவற்றையும் கார்டுக்குக் காப்பி செய்தார்.

எல்லாக் கேமராவிலும் இப்படி நடக்காதாம். இருந்தாலும் உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அந்த முக்கோணத்தை அழுத்திப் பாருங்கள்.

படத்தின் ஓரத்தில் 1-1-2008 என்று தேதி விழுந்திருக்கிறது. ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடுமாம். 2008-ல் நான் பிறக்கவே இல்லை! தேதியை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போடலாம் என்றார் அப்பா. வெட்டினால் ஆயாவின் கையும் போய்விடும், அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிட்டாங்க.